எண்ணோடு அலகையும் எழுதச் சொல்லுங்கள்: நெல்லைச் சீமையின் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஐ.டி.ஐ.க்களிலும் பொருள் வலிமைப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

பாளையங்கோட்டையில் கட்டுமானப் பொருள்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் சிறிய கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கம்பி, கான்கிரீட் கியூப், சிமென்ட், செங்கல் எல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். காற்றாலைப் பக்கமிருந்து போல்ட்டுகளும் வருவதுண்டு. உங்களிடம் படித்து முடித்த பிள்ளைகள்தான் எங்களிடம் வேலைக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். உத்திரத்தின் வளைவுக் கணக்கை மளமளவென்று போடுகிறார்கள், கணினியில் வரைகிறார்கள், நான் அந்த வயதில் கேள்விப்படாத மென்பொருளையெல்லாம் ஓட்டுகிறார்கள். அவர்களிடம் ஒரு பழைய கேஜைக் காட்டி, "இதில் தெரியும் ஐந்து கிலோ எத்தனை மெகாபாஸ்கல்?" என்று கேட்டால் கை தானாகக் கைபேசிக்குப் போகிறது. கைபேசி விடை சொல்லிவிடும். அந்த விடை சரியா என்று சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை என்பதுதான் என் கவலை. அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தகைவுக்கு, அதாவது ஸ்ட்ரெஸ்ஸுக்கு (விசையைப் பரப்பால் வகுத்தது; அழுத்தத்துக்கும் இதே அலகுகள்தான்), ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்கு மாறுவதை மனப்பாடப் பட்டியலாகக் கொடுக்காமல், பிள்ளைகள் தாங்களே கட்டி எழுப்பும் கணக்காகச் சொல்லிக்கொடுங்கள். அலகு இல்லாத எண்ணுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

பாடப்புத்தகத்தில் எல்லாமே சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன், அதாவது இத்தனை மெகாபாஸ்கல், என்றுதானே இருக்கிறது, பிறகு என்ன சிக்கல் என்று நீங்கள் கேட்கலாம். புத்தகத்தில் அப்படித்தான். ஆனால் பிள்ளை வேலைக்குப் போகப்போகும் இந்தச் சீமை அப்படி இல்லை. கூடங்குளத்தில் ஓடும் ரஷ்ய வகை அணு உலையின் முதல் சுற்றில் நீரின் அழுத்தம் 15.7 மெகாபாஸ்கல். ஏன் 16 இல்லை, 15.5 இல்லை, 15.7? அதை வடிவமைத்தவர்கள் சதுர சென்டிமீட்டருக்கு 160 கிலோ என்று வைத்தார்கள். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது 0.0980665 மெகாபாஸ்கல்; 160-ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள், 15.69 வரும். அதே வகை நீர் உலையை அமெரிக்கர்கள் கட்டும்போது 15.5 மெகாபாஸ்கல் என்று இருக்கும். அவர்கள் வைத்தது 2250 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 2250 பவுண்டு. இப்படி விநோதமாகத் தெரியும் எண்கள் பலவற்றுக்கு அடியில் வேறோர் அலகில் ஒரு முழு எண் படுத்திருக்கும்.

கூடங்குளத்திலிருந்து கொஞ்சம் மேற்கே வந்தால் மகேந்திரகிரி. அங்கே சோதிக்கப்படும் சி.இ.20 கிரையோஜெனிக் ராக்கெட் இன்ஜினின் எரியறை அழுத்தத்தை 60 பார் என்று சொல்வார்கள்; ஒரு பார் என்பது 0.1 மெகாபாஸ்கல். அங்கிருந்து பணகுடி, ராதாபுரம் பக்கம் இறங்கினால் காற்றாலைகள். அந்தக் கோபுரங்களின் போல்ட்டை இறுக்கும் ஹைட்ராலிக் பம்பின் கேஜில் பாரும் பி.எஸ்.ஐ.யும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டமாக இருக்கும். தாழையூத்து சிமென்ட் மூட்டையின் தர எண்ணோ மெகாபாஸ்கலைக் குறிக்கிறது; 43 கிரேடு என்றால் 28 நாளில் 43 மெகாபாஸ்கல். வண்ணார்பேட்டையில் லாரிக்குக் காத்து அடிக்கிறவர் பவுண்டு என்கிறார். பேட்டையில் கம்ப்ரசர் வைத்திருக்கும் அண்ணாச்சி "எட்டு கிலோ வரைக்கும் ஏத்தலாம்" என்கிறார். இத்தனையும் ஒரே நாளில் பஸ்ஸில் சுற்றி வந்துவிடக்கூடிய இடங்கள். நம் பிள்ளைகள் இவற்றில் எங்கேயும் வேலைக்குப் போவார்கள்.

கிலோ என்பதைத்தான் முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும். பட்டறையில் "எட்டு கிலோ" என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் எட்டு கிலோ எடை அழுத்துவது போன்ற அழுத்தம். கிலோ நிறை, நியூட்டன் விசை. இரண்டையும் இணைப்பது 9.80665. புவியீர்ப்பு முடுக்கத்தின் இந்தத் தர மதிப்பை 1901-ல் உலக அளவில் ஒப்புக்கொண்டார்கள். நம் ஊரில் உண்மையான ஈர்ப்பு அதைவிடச் சற்றுக் குறைவு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஏறக்குறைய 9.78. அதாவது பாளையங்கோட்டையில் ஒரு கிலோ எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அது இழுப்பது 9.78 நியூட்டன். ஆனால் கிலோ-விசை என்ற அலகு ஊருக்கு ஊர் மாறாது, எங்கேயும் 9.80665-தான். இந்த வேறுபாடு கால் சதவீதம். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளின் கண் விரியும், நான் பார்த்திருக்கிறேன். அலகு என்பது மனிதர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்த ஒன்று என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-ல். அதனாலேயே எல்லாம் இன்றைய அலகுக்கு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அன்று பவுண்டும் அங்குலமும் போயின, அவற்றின் இடத்துக்கு வந்தவை கிலோவும் சென்டிமீட்டரும். பாஸ்கல் என்ற பெயருக்கே 1971-ல்தான் உலக மாநாடு ஒப்புதல் கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் நம் பொறியாளர்கள் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்றுதான் கணக்குப் போட்டார்கள். நெல்லை சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலம் 1973-ல் திறக்கப்பட்டபோது கான்கிரீட்டுக்கு நடப்பில் இருந்த இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456-ன் 1964-ம் ஆண்டுப் பதிப்பு. அதில் கான்கிரீட்டின் பெயர் எம்150, எம்200. 1978 பதிப்பில் அவையே எம்15, எம்20 ஆயின. 150 என்பது சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ, 15 என்பது சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன்.

இது ஏட்டுச் சரித்திரம் என்று தள்ளிவிடாதீர்கள். பழைய கட்டடம் ஒன்றைப் பலப்படுத்தும் வேலைக்காக வரைபடத்தோடு எங்களிடம் வந்தார் ஓர் இளம் பொறியாளர். "அந்தக் காலத்திலேயே எம்150 போட்டிருக்காங்க சார், என்ன ஸ்ட்ராங்கு பாருங்க" என்றார். முகத்தில் உண்மையான வியப்பு. அந்த எண்ணை அப்படியே கணக்கில் வைத்து மேலே ஒரு மாடி ஏற்றியிருந்தால்? தூண் தாங்கும் என்று அவர் நம்பியதில் பத்தில் ஒரு பங்குதான் கான்கிரீட்டில் இருந்திருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் அலகு ஒளிந்திருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பழைய புத்தகமோ வரைபடமோ கையில் வந்தால் அதன் அலகைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிள்ளைகளுக்கு இதை அவசியம் காட்டுங்கள். எஃகின் மீள்மைக் குணகம் (இழுத்தால் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பதன் அளவு) எந்த எண்ணாக இருக்கிறது என்று முதலில் தேடச் சொல்லுங்கள். 2 லட்சம் என்றால் அந்தப் புத்தகம் நியூட்டனிலும் மில்லிமீட்டரிலும் பேசுகிறது. 20 லட்சத்தை ஒட்டி இருந்தால் கிலோவும் சென்டிமீட்டரும். 3 கோடியை ஒட்டி இருந்தால் பி.எஸ்.ஐ. எஃகு மாறவில்லை, அளக்கிற கோல்தான் மாறியிருக்கிறது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் எந்த அட்டவணையைப் பார்த்தும் பிள்ளை மிரளாது.

அதேபோல் இன்று எஃகுத் தரநூலில் உள்ள எண்களை அவர்கள் எதிரிலேயே பிரித்துக் காட்டுங்கள். ஐ.எஸ். 2062-ல் ஈ250 எஃகின் இழுவலிமை குறைந்தது 410 மெகாபாஸ்கல். அதென்ன 410? முந்தைய ஐ.எஸ். 226-ல் அந்த எஃகை எஸ்.டி. 42 என்றார்கள், சதுர மில்லிமீட்டருக்கு 42 கிலோ. 42-ஐ 9.80665 ஆல் பெருக்கினால் 412, அதை 410 என்று வட்டமாக்கினார்கள். அமெரிக்காவின் கிரேடு 60 கம்பி இளகும் தகைவு, அதாவது மீளாமல் நீளத் தொடங்கும் தகைவு, 60,000 பி.எஸ்.ஐ., மாற்றினால் 414 மெகாபாஸ்கல். நம் எஃப்.இ. 415 கம்பி அதற்குப் பக்கத்து வீடு. பிரினெல் கடினத்தன்மையை 3.45 ஆல் பெருக்கினால் எஃகின் இழுவலிமை மெகாபாஸ்கலில் தோராயமாக வரும் என்று படிப்பிக்கிறோமே, அந்த 3.45-ம் இப்படித்தான்: பி.எஸ்.ஐ.யில் அது வெறும் 500. இப்படி வேர் தெரிந்த எண் மறக்காது.

இனி மாற்றும் கணக்கு. பட்டியலைக் கொடுக்க வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் மூன்றே எண்கள் போதும். ஒரு பவுண்டு 0.45359237 கிலோ. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அப்புறம் அந்த 9.80665. மூன்றுமே வரையறையால் நிர்ணயித்தவை, அளந்து வந்த தோராயம் இல்லை. பவுண்டு-விசை என்பது 0.45359237-ஐ 9.80665 ஆல் பெருக்கினால் 4.448 நியூட்டன். சதுர அங்குலம் 25.4-ஐ 25.4 ஆல் பெருக்கினால் 645.16 சதுர மில்லிமீட்டர். முதலதை இரண்டாவதால் வகுத்தால் 0.006895. அதாவது ஒரு பி.எஸ்.ஐ. என்பது 0.006895 மெகாபாஸ்கல், திருப்பிப் போட்டால் ஒரு மெகாபாஸ்கல் 145 பி.எஸ்.ஐ. கரும்பலகையில் ஐந்து நிமிட வேலை.

பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் பரப்பில். சென்டிமீட்டரை மில்லிமீட்டராக்கப் பத்து, அந்தப் பத்தையே சதுரத்துக்கும் போட்டுவிடுகிறார்கள். கோட்டை விதைப்பாடு என்று நிலத்தை விதைநெல்லால் அளந்த நம் பாட்டன்மாருக்குப் பரப்பு என்பது கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. வயலின் நீளத்தையும் அகலத்தையும் இரட்டித்தால் விதை நாலு மடங்கு வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சூத்திரம் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் நோட்டில் ஒரு சென்டிமீட்டர் சதுரம் வரையச் சொல்லி, அதற்குள் மில்லிமீட்டர் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். நூறு கட்டம். அதற்குப் பிறகு அந்தப் பிழை வருவது குறைந்துவிடும்.

தோராயம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதுதான் நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது. ஒரு கிலோ/ச.செ.மீ., ஒரு பார், 0.1 மெகாபாஸ்கல் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். பாரும் 0.1 மெகாபாஸ்கலும் சரிக்குச் சரி. கிலோ மட்டும் இரண்டு சதவீதம் குறைவு. கம்ப்ரசருக்கும் மோட்டார் பம்புக்கும் டயருக்கும் இந்தத் தோராயம் தாராளமாகப் போதும். அங்கே நாலு தசமம் போட்டுக்கொண்டு நிற்பவர் வேலைக்கு ஆக மாட்டார்.

ஆனால் சான்றிதழில் அந்த இரண்டு சதவீதம் என்ன செய்யும் என்று பாருங்கள். 16 மி.மீ. கம்பி, எஃப்.இ. 500. குறுக்குப் பரப்பு 201 சதுர மில்லிமீட்டர். பழைய இயந்திரம், முகப்பில் டன் கணக்கு. 10.05 டன்னில் கம்பி இளகுகிறது. 10,050 கிலோவை 201 ஆல் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 50 கிலோ. "பத்தால் பெருக்கு" என்று பழகிய கை 500 என்று எழுதும். கம்பி பாஸ். 9.80665 ஆல் பெருக்கியிருந்தால் 490. தரநூல் கேட்பது குறைந்தபட்சம் 500, ஆக அந்தக் கம்பி தேறவில்லை. கணக்கில் பிழை ஏதும் தெரியாது, பெருக்கலும் வகுத்தலும் சரியாகவே இருக்கும். இயந்திரத்தையும் குறை சொல்ல முடியாது. தேறாத கம்பி ஒரு வீட்டின் கூரைக்குள் போய் மூடிக்கொள்ளும், அதன் பிறகு யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. கல்லூரிச் சோதனைக்கூடங்களில் எளிமைக்காக 10 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கைகூப்பிக் கேட்கிறேன், அதை விட்டுவிடுங்கள். கணிப்பான் எல்லார் கையிலும் இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் ஒரு தவறு உண்டு. 60 பாரை மாற்றச் சொன்னால் 870.2264 பி.எஸ்.ஐ. என்று எழுதித் தருகிறார்கள். அலகு மாறியதால் நம் அறிவு கூடிவிடாது. 60 என்று அளந்தவருக்கு 870 போதும். அமெரிக்க ஏ36 எஃகின் 36,000 பி.எஸ்.ஐ. சரியாக 248.2 மெகாபாஸ்கல், ஆனாலும் மெட்ரிக்கில் அதை 250 என்றே வழங்குகிறார்கள். எத்தனை இலக்கம் வரை நம்பலாம் என்று முடிவெடுப்பதும் பொறியாளரின் வேலை. அதைக் கணிப்பானிடம் விடக்கூடாது.

காற்றாலைப் பம்புக்கு மறுபடி வருகிறேன், ஐ.டி.ஐ. ஆசிரியர்களை மனதில் வைத்து. அந்த வகைப் பம்புகள் பெரும்பாலும் 700 பார், அதாவது 10,000 பி.எஸ்.ஐ. வரை போகும். குறிப்பேட்டில் 500 என்று மட்டும் எழுதியிருக்கிறது, அலகு இல்லை. எழுதியவர் மனதில் பார். இறுக்குகிறவர் கண் பி.எஸ்.ஐ. வட்டத்தில். 500 பி.எஸ்.ஐ. என்பது 34 பார்தான். போல்ட் இறுகியதாகக் கணக்கில் ஏறும், ஆனால் இறுகியிருக்காது. காற்று மாதங்களில் அந்தக் கோபுரம் எப்படி ஆடும் என்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேஜ் படிக்கக் கற்றுக்கொடுக்கும் முதல் நாளிலேயே, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு முன் முகப்பில் என்ன அலகு அச்சடித்திருக்கிறது என்று உரக்கப் படிக்க வையுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களுக்குக் கணினி பற்றி ஒன்று. தகைவைப் பகுத்துக் காட்டும் பல மென்பொருள்களுக்கு அலகு என்பதே கிடையாது, நாம் கொடுக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். நீளத்தை மில்லிமீட்டரிலும் விசையை நியூட்டனிலும் கொடுத்துவிட்டு, மீள்மைக் குணகத்தை மட்டும் பாஸ்கலில் இருபதாயிரம் கோடி என்று போட்டால் என்ன ஆகும்? ஒரே பொருளால் ஆன பாகத்தில், விசை மட்டும் செயல்படும்போது, தகைவு அந்தக் குணகத்தைச் சார்ந்தது இல்லை. ஆகவே திரையில் தகைவுப் படம் மிகச் சரியாகவே வரும். சிவப்பும் நீலமும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். வளைவு மட்டும் பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, கண்ணில் படாமல் போய்விடும். மாணவர் தகைவைப் பார்த்துத் திருப்தியாகி அறிக்கையை அச்சடித்துவிடுவார். அடர்த்தியிலும் இந்தக் குழி உண்டு. மில்லிமீட்டர்-நியூட்டன் முறையில் நிறை டன்னில் வர வேண்டும், எஃகுக்கு 7850 (கன மீட்டருக்கு இத்தனை கிலோ) என்று போடும் இடம் அது இல்லை. ஆய்வுத்திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் "இந்தக் கணக்கு இந்த அலகுகளில்" என்று ஒரு வரி இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். பாலிடெக்னிக்குக்குச் சென்னையில் இயக்ககம் தீர்மானிக்கிறது, பொறியியலுக்குப் பல்கலைக்கழகம். ஆனால் நான் கேட்பவற்றுக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. ஆய்வக நோட்டில் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் அலகு இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லலாம். உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு கேள்வியாவது விசையை டன்னிலும் பரப்பை அங்குலத்திலும் கொடுத்து விடையை மெகாபாஸ்கலில் கேட்கலாம், மாற்றுப் பட்டியல் இல்லாமல். டன் முகப்புள்ள பழைய இயந்திரத்தைக் கழித்துக்கட்டாமல், புதிய டிஜிட்டல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே கம்பியின் இரண்டு துண்டுகளை இரண்டிலும் இழுத்து ஒப்பிடச் சொல்லலாம். மண் பரிசோதனை அறிக்கையைக் காட்டலாம். சதுர மீட்டருக்கு 20 டன் என்றும் 196 கிலோபாஸ்கல் என்றும் இரண்டு அறிக்கைகள் வந்தால் இரண்டும் ஒரே மண்ணைத்தான் சொல்கின்றன என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும்.

எங்கள் கூடத்தில் வேலை முடித்த பழைய கேஜ்கள் கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன: கிலோ முகப்பு, பி.எஸ்.ஐ. முகப்பு, இரட்டை வட்டம் எல்லாம் உண்டு. சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ என்று அச்சான பழைய எஃகு அட்டவணைகளும் இருக்கின்றன. வகுப்பில் வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரி கேட்டாலும் தருகிறோம். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு இயந்திரங்கள் சும்மாதான் இருக்கும். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவர்கள் கையாலேயே ஒரு கம்பியை இழுத்து, டன்னில் படித்து, மெகாபாஸ்கலில் சான்று எழுத வைக்கலாம். கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சோதனைக்கூடப் பணியாளர்